கஹ்வாவும் காழியின் சோதனையும்: யமனிலிருந்து பாராமகால் வரை

தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் இடையில் அமைந்துள்ள இண்டூர், வரலாற்று நூல்களில் பெரிதாகப் பேசப்படும் ஊர் அன்று. ஆயினும் பாராமகால் என்று முன்னாளில் வழங்கிய இந்நிலப்பகுதியின் மற்றச் சிற்றூர்களைப் போலவே, அங்கும் விடியற்காலையில் முதலில் அடுப்பு மூட்டப்படும் இடம் தேநீர்க் கடையாகத்தான் இருக்கும். சுபுஹுத் தொழுகை முடித்து வருவோரும், வயலுக்குச் செல்வோரும், பேருந்துக்குக் காத்திருப்போரும் ஒரு குவளை தேநீரோ காப்பியோ அருந்திய பின்னரே அன்றைய நாளைத் தொடங்குகின்றனர். இது நெடுங்காலப் பழக்கம் போலத் தோன்றினும், தமிழகத்து ஊர்ப்புறங்களில் இது வேரூன்றி ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது.

இப்பானம் நம் உடலில் என்ன செய்கிறது என்னும் கேள்வியை இன்று மருத்துவர்களிடம் கேட்கிறோம். அதே கேள்வி ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மக்காவிலும் கெய்ரோவிலும் மார்க்க அறிஞர்களின் அவைகளில் எழுந்தது என்பதும், அதற்கு விடை காண அவர்கள் கையாண்ட வழிகளுள் ஒன்று இன்றைய அறிவியலுக்கு மிக நெருங்கியது என்பதும் நம்மில் பலர் அறியாதவை. அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

யமனின் இரவு வணக்கம்

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. ஆனால் அதன் கொட்டையிலிருந்தும் தோலிலிருந்தும் பானம் காய்ச்சி அருந்தும் முறை நமக்குத் தெளிவான சான்றுகளுடன் தெரிய வருவது, கி.பி. 15ஆம் நூற்றாண்டு யமனின் சூஃபியாக்களிடமிருந்துதான். இவ்வரலாற்றுக்கு நாம் பெரிதும் நம்பியிருப்பது அப்துல் காதிர் அல்ஜஸீரி என்னும் அறிஞர், ஹி. 966 (கி.பி. 1558) அளவில் எழுதிய ‘உம்ததுஸ் ஸஃப்வா ஃபீ ஹில்லில் கஹ்வா’ என்னும் நூலை. காப்பி ஆகுமானது என நிறுவுவதற்காக எழுதப்பட்ட இந்நூல், தமக்கு முன் வாழ்ந்தோரின் வாய்மொழிச் செய்திகளையும் எதிர்த்தரப்பின் வாதங்களையும் சேர்த்தே பதிவு செய்துள்ளது. ‘ஆயிரத்தொரு இரவுகள்’ கதைகளைப் பிரெஞ்சு மொழிக்குக் கொண்டு சென்ற அந்துவான் காலந்த், 1699இல் காப்பியின் வரலாறு பற்றி வெளியிட்ட நூலுக்கு அடிப்படையாக அமைந்ததும் அல்ஜஸீரியின் நூலே.

அல்ஜஸீரி தரும் செய்திகளின்படி, ஏடன் நகரில் முஃப்தியாக விளங்கிய முஹம்மது அத்தப்ஹானி (மறைவு ஹி. 875 / கி.பி. 1470-71) செங்கடலுக்கு அப்பாலுள்ள ஆப்பிரிக்கக் கரையில் சில காலம் தங்கியபோது இப்பானத்தை அறிந்தார். ஏடன் திரும்பியபின் நோயுற்ற அவர், அதை அருந்திப் பார்த்துச் சோர்வும் மந்தமும் நீங்குவதை உணர்ந்தார். பின்னர் சூஃபி வழியில் ஈடுபட்டபோது, இரவு வணக்கத்துக்கு விழித்திருக்க அவரும் அவர் தோழர்களும் அதைப் பயன்படுத்தினர். மோக்கா துறைமுகத்து மக்களோ, இப்பெருமையைத் தங்கள் ஊரில் அடங்கியுள்ள அலீ இப்னு உமர் அஷ்ஷாதிலீ (ரஹ்) அவர்களுக்கு உரியதாக்குகின்றனர். அல்ஜீரிய நாட்டில் காப்பிக்கு ‘ஷாதிலிய்யா’ என்றொரு பெயர் வழங்கி வந்ததும் இதனால்தான்.

யார் முதலில் அருந்தினார் என்பதைக் காட்டிலும், எதற்காக அருந்தினார்கள் என்பதே நமக்கு முக்கியம். தூக்கத்தை வென்று திக்ரில் நிலைத்திருப்பதே அவர்களின் நோக்கம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவின் அல்அஸ்ஹர் பள்ளிவாசலில் யமன் மாணவர்கள் தங்கிய பகுதியில், திங்கள், வெள்ளி இரவுகளில் இப்பானம் அருந்தப்பட்டது. சிவந்த மண்கலம் ஒன்றிலிருந்து அவர்களின் தலைவர் சிறு அகப்பையால் முகந்து, வலப்புறத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் வழங்க, திக்ரு ஓதியவாறே அவர்கள் பருகினர் என்று நேரில் கண்டோரின் வழியாக அல்ஜஸீரி எழுதுகிறார்.

மக்காவில் கூடிய அவை

பள்ளிவாசலில் தொடங்கிய பானம் விரைவில் கடைத்தெருவுக்கு வந்தது. காப்பி விற்கும் கடைகளில் சதுரங்கமும் வம்பளப்பும் இசையும் சேர்ந்தன. ‘கஹ்வா’ என்னும் சொல், பழைய அரபியில் மதுவின் பெயர்களுள் ஒன்றாகவும் இருந்தது ஐயத்தை மேலும் வளர்த்தது.

ஹி. 917 ரபீஉல் அவ்வல் மாதத்தில் (கி.பி. 1511 ஜூன்), மம்லூக் சுல்தான் கான்ஸூஹ் அல்கவ்ரியின் சார்பில் மக்காவில் முஹ்தசிபாக இருந்த காயிர் பேக், இரவு நேரத்தில் ஹரம் ஷரீஃபின் அருகே சிலர் விளக்கேற்றி அமர்ந்து எதையோ சுற்றிச் சுற்றிப் பருகுவதைக் கண்டார். அது காப்பி என்றும், மது அருந்தும் முறையில் நகரெங்கும் கடைகளில் அருந்தப்படுகிறது என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. மறுநாளே காழிகளையும் அறிஞர்களையும் கூட்டி, ஒரு பெரும் பாத்திரத்தில் காப்பியை அவையின் நடுவே வைத்து அவர் தீர்ப்புக் கேட்டார்.

அவையினர் இரண்டு செய்திகளைத் தனித்தனியே பிரித்தனர். கூடாத கேளிக்கைகளுடன் கூடிய கூட்டங்கள் தடுக்கப்பட வேண்டியவை என்பதில் அவர்களிடையே வேறுபாடு இல்லை. ஆனால் அந்தக் கொட்டையைப் பொறுத்தவரை, விலக்கு என்பதற்குச் சான்று கிடைக்கும் வரை பொருள்கள் யாவும் தம் இயல்பில் ஆகுமானவையே என்னும் ஃபிக்ஹு அடிப்படையை அவர்கள் முன்வைத்தனர். உடலுக்கோ அறிவுக்கோ கேடு விளைவிக்கிறது என்று நிறுவப்பட்டால் அன்றி அதை ஹராம் எனல் இயலாது; கேடு உண்டா என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் மருத்துவர்கள் என்றனர். இன்று நோக்கினும் குறை காண முடியாத நெறி இது.

குறை நேர்ந்தது அடுத்த படியில். அழைக்கப்பட்ட மருத்துவர் இருவர், பாரசீகத்திலிருந்து வந்த உடன்பிறந்தோர். யூனானி மருத்துவத்தின் பாகுபாட்டின்படி காப்பி ‘குளிர்ச்சியும் வறட்சியும்’ உடையது, ஆகவே சமநிலை உடலுக்குக் கேடானது என்று அவர்கள் கூறினர். பாக்தாதின் முற்கால மருத்துவர் இப்னு ஜஸ்லா, ‘புன்’ என்பது கபத்தை வற்றச் செய்யும் என எழுதியிருப்பதை அவையில் ஒருவர் எடுத்துக்காட்டியபோது, அது வேறொரு பொருள் என்று மறுத்தனர். பின்னர் சிலர் எழுந்து, காப்பி தம் அறிவை மாற்றியது எனச் சாட்சி கூறினர். மதுவைப் போலவே இது மயக்குகிறது என்று ஒருவர் சொல்ல, மதுவின் மயக்கத்தை அவர் எங்ஙனம் அறிந்தார் என்னும் கேள்வி எழுந்தது. தாம் மது அருந்தியதை ஒப்புக்கொண்ட அவருக்கு அதற்குரிய தண்டனை கிடைத்தது என்று அல்ஜஸீரி பதிவு செய்கிறார்.

மக்காவில் காப்பி தடை செய்யப்பட்டது. மூட்டைகள் தீயிடப்பட்டன, விற்றோரும் அருந்தியோரும் அடிக்கப்பட்டனர். ஆனால் கெய்ரோவிலிருந்து வந்த சுல்தானின் மறுமொழி, கூடாத கூட்டங்களைத் தடுத்ததே அன்றிக் காப்பியை முழுமையாக விலக்கவில்லை. அடுத்த ஆண்டு காயிர் பேக் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். மக்காவில் காப்பி மீண்டும் வெளிப்படையாக அருந்தப்பட்டது.

கெய்ரோவில் ஒரு சோதனை

இதற்குச் சற்றொப்ப இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் கெய்ரோவில் அதே சச்சரவு கிளம்பியது. அஹ்மத் அஸ்ஸுன்பாத்தி என்னும் புகழ்பெற்ற சொற்பொழிவாளர், காப்பி ஹராம் என உரை நிகழ்த்தினார். அவ்வுரையால் கிளர்ந்த மக்கள் காப்பிக் கடைகளைத் தாக்கினர். மற்றொரு சாரார் அதை எதிர்க்க, ஹி. 941 (கி.பி. 1534-35) அளவில் வழக்கு ஹனஃபி காழியான முஹம்மது இப்னு இல்யாஸ் அவர்களிடம் வந்தது.

அவர் அறிஞர்களைக் கலந்து பேசினார். அத்துடன் நிற்கவில்லை. தம் வீட்டிலேயே காப்பி காய்ச்சச் செய்து, ஒரு குழுவினருக்கு அருந்தக் கொடுத்தார். பின்னர் பகலின் பெரும்பொழுது அவர்களுடன் அமர்ந்து உரையாடினார். அவர்களின் பேச்சில் குழறல் உண்டா, அறிவில் தடுமாற்றம் உண்டா, நடத்தையில் மாற்றம் உண்டா என்று கூர்ந்து நோக்கினார். மாற்றம் எதுவும் காணாமையால் காப்பி ஆகுமானதே என்று தீர்ப்பளித்தார்.

மக்காவின் அவையில் விடை, நூலில் கண்ட பாகுபாட்டிலிருந்தும் ஒருசிலரின் சொல்லிலிருந்தும் பெறப்பட்டது. கெய்ரோவின் காழி விடையை மனித உடலிடமே கேட்டார். பொருளைக் கொடுத்து, போதிய நேரம் காத்திருந்து, விளைவைத் தாமே நோக்கினார். இன்றைய ஆய்வுக்கு வேண்டிய ஒப்பீட்டுக் குழுவும் அளவுக் கணக்கும் அதில் இல்லை என்பது உண்மையே. ஆனால் போதை தருமா என்னும் அந்த ஒரு கேள்விக்கு அதுவே போதுமான சான்றாக இருந்தது. மார்க்கத் தீர்ப்பு உண்மை நிலையைச் சார்ந்து நிற்கும்போது, அவ்வுண்மையை நேரில் கண்டறிவதும் தீர்ப்பளிப்பவரின் கடமை என்பதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டுவதில்லை.

இஸ்தான்புல்லும் இலண்டனும்

உதுமானியர் தலைநகரான இஸ்தான்புல்லில் 1550களின் நடுவில், ஹலப் நகரத்து ஹகம், திமிஷ்கு நகரத்து ஷம்ஸ் என்னும் இரு வணிகர்கள் காப்பிக் கடைகளைத் திறந்தனர் என்று வரலாற்றாசிரியர் பெச்சேவி எழுதுகிறார். அங்கும் தடையும் தளர்வும் மாறி மாறி வந்தன. 1633இல் நகரைப் பெருந்தீ எரித்த பின், சுல்தான் நான்காம் முராத் காப்பிக் கடைகளை மூடச் செய்தார். மக்கள் கூடி அரசைப் பற்றிப் பேசும் இடங்கள் அவை என்பதே அவரது கவலை. கிறித்தவ இங்கிலாந்திலும் இதே கவலையால் மன்னர் இரண்டாம் சார்லஸ் 1675 டிசம்பரில் காப்பிக் கடைகளை மூட ஆணையிட்டு, எதிர்ப்பைக் கண்டு அடுத்த மாதமே பின்வாங்கினார். பானத்தின் மேல் சுமத்தப்பட்ட குற்றத்துள் பெரும்பகுதி, அதைச் சுற்றி அமர்ந்தோரின் பேச்சைப் பற்றியதாகவே இருந்தது.

இவற்றையெல்லாம் கண்ட பேரறிஞர் காதிப் செலெபி, 1656இல் எழுதிய ‘மீஸானுல் ஹக்’ என்னும் நூலில் காப்பியைப் பற்றியும் ஓர் இயல் அமைத்தார். உடலின் தன்மைக்கு ஏற்ப இதன் விளைவு வேறுபடும்; ஒருவருக்கு நன்மை தருவது மற்றொருவருக்குத் தூக்கமின்மையையும் மனக்கலக்கத்தையும் தரலாம் என்பது அவர் கருத்தின் சாரம். பின்னாளில் ஷாஃபிஈ அறிஞர்களிடையேயும் இதையொத்த நோக்கே நிலைபெற்றது. காப்பி தன்னளவில் ஆகுமானது. வணக்கத்துக்குத் துணையாக அருந்தினால் அந்நோக்கத்தின் சிறப்பு அதற்கும் உண்டு. தன் உடலுக்குத் தீங்கு என அறிந்தவர் அதைத் தவிர்க்க வேண்டும்.

சந்திரகிரியிலிருந்து சேர்வராயன் வரை

இந்தியாவில் காப்பி அருந்தப்பட்டதற்குப் பழைய சான்றுகளுள் ஒன்று, ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோவுடன் ஜஹாங்கீரின் அரசவையில் இருந்த பாதிரியார் எட்வர்ட் டெர்ரியின் குறிப்பு. மதுவைத் தொடாத மார்க்கப் பற்றுள்ளோர் பலர் காப்பியை விரும்பி அருந்துவதை அவர் கண்டு எழுதியுள்ளார்.

அருந்துவது வேறு, பயிரிடுவது வேறு. ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய பாபா புதன் (ரஹ்) அவர்கள், 17ஆம் நூற்றாண்டில் மோக்காவிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து, சிக்கமகளூரை அடுத்த சந்திரகிரி மலையில் ஊன்றினார்கள் என்பது வழிவழி வந்த செய்தி. அம்மலை இன்று அவர் பெயராலேயே பாபா புதன்கிரி என வழங்குகிறது. அங்குள்ள குகைத் தலம் முஸ்லிம்களும் இந்துக்களும் நெடுங்காலமாகச் சேர்ந்து போற்றி வந்த இடம்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாபா புதன்கிரியும், இண்டூர் அடங்கிய பாராமகாலும் ஹைதர் அலீ, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் அரசின் கீழ் ஒன்றாக இருந்தன. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. தளபதி அலெக்சாண்டர் ரீடும் அவரின் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் இங்கே நிலவரி முறையை வகுத்தனர். அடுத்த தலைமுறையில், 1820களில், சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன், தொப்பூர்க் கணவாய்க்குத் தெற்கே உள்ள சேர்வராயன் மலையில், ஏற்காட்டில், காப்பிப் பயிரைத் தொடங்கி வைத்தார். சூஃபியின் கையில் வந்த விதை, ஆட்சியாளரின் தோட்டப் பயிராக மாறியது இங்ஙனமே. இலங்கையின் மலைகளில் அதே காப்பிக்காகத் தமிழகத்திலிருந்து கூட்டங்கூட்டமாகக் கூலிகள் கொண்டு செல்லப்பட்டனர். 1869இல் அங்கே தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தபின் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

காப்பி தமிழ்ச் சமூகத்தில் பரவிய விதத்தை ஆ. இரா. வேங்கடாசலபதி தம் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் கட்டுரையில் ஆராய்ந்துள்ளார். காப்பி நடுத்தர வகுப்பு பிராமண இல்லங்களின் அடையாளமாகவும், தேநீர் உழைப்பாளர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் உரியதாகவும் கருதப்பட்டதை அவர் எடுத்துக்காட்டுகிறார். முஸ்லிம்கள் உலகுக்கு அளித்த பானம், தமிழகத்தில் பிறருடைய அடையாளமாகிவிட்டது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

காஃபீன் என்னும் பொருள்

காழி முஹம்மது இப்னு இல்யாஸ் எதிர் அமர்ந்து நோக்கிய விளைவுக்குக் காரணமான பொருள் 1819இல் தனித்தெடுக்கப்பட்டது. ஜெர்மானியக் கவிஞர் கோதே கொடுத்த காப்பிக் கொட்டைகளை ஆராய்ந்த இளம் வேதியியலர் ஃபிரீட்லீப் ஃபெர்டினண்ட் ருங்கே அதைப் பிரித்தெடுத்தார். 1827இல் தேயிலையிலிருந்து எடுக்கப்பட்ட ‘தேயின்’ என்பதும் இதுவும் ஒன்றே என 1838இல் உறுதியாயிற்று. ஆகவே தேநீர் அருந்துவோருக்கும் காப்பி அருந்துவோருக்கும் உள்ள வேறுபாடு பொருளில் இல்லை. பெரிதும் அளவிலேயே உள்ளது. 1895இல் எமில் ஃபிஷர் இதைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினார்.

உடலில் இது செயற்படும் முறை 1970கள் முதல் தெளிவாயிற்று. நாம் விழித்திருந்து உழைக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்கிறது. அது தனக்குரிய ஏற்பிகளில் பொருந்தும்போது நமக்கு அயர்வும் தூக்கமும் வருகின்றன. காஃபீன் வடிவில் அடினோசினை ஒத்திருப்பதால், அந்த ஏற்பிகளில் தான் அமர்ந்துகொண்டு அடினோசினைத் தடுத்துவிடுகிறது. அயர்வின் செய்தி மூளைக்கு எட்டுவதில்லை. அயர்வு நீங்கிவிடுவதும் இல்லை. காஃபீன் வெளியேறியதும் அது திரும்ப வருகிறது. எனவே காஃபீன் விழிப்பைத் தரும். இழந்த தூக்கத்தை ஈடு செய்யாது. மது அறிவைக் குழப்புகிறது. காஃபீனோ அளவோடு கொள்ளும்போது கவனத்தைக் கூர்மையாக்குகிறது. கெய்ரோவின் காழி தம் விருந்தினரிடம் தடுமாற்றம் காணாததற்குக் காரணம் இதுவே.

அருந்திய 45 நிமிடங்களுக்குள் காஃபீனில் ஏறக்குறைய முழுவதும் இரத்தத்தில் கலந்துவிடும். கல்லீரல் அதைச் சிதைக்கிறது. உடலில் உள்ள அளவு பாதியாகக் குறைய, நலமுள்ள பெரியவர்களுக்குச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். இரவு 9 மணிக்கு 80 மில்லிகிராம் காஃபீன் உள்ள காப்பியை அருந்தியவரின் உடலில், தஹஜ்ஜுத் வேளையான 2 மணிக்கும் சுமார் 40 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். யமனின் சூஃபியாக்கள் நாடியது இதைத்தான். மறுநாள் பணிக்குச் செல்ல உறங்க வேண்டியவருக்கோ இதே கணக்கு தீங்காக முடிகிறது.

அளவும் ஆளும்

காதிப் செலெபி கூறிய ‘உடலின் தன்மைக்கேற்ற வேறுபாடு’ இன்று எண்களால் அறியப்படுகிறது. காஃபீனைச் சிதைக்கும் நொதியின் வேகம் பரம்பரையால் ஆளுக்கு ஆள் மாறுகிறது. புகைப்பவர் உடலில் அது விரைவாகச் சிதைகிறது. கருவுற்ற பெண்ணின் உடலிலோ, கடைசி மாதங்களில் அளவு பாதியாகக் குறையவே 15 மணி நேரம் வரை ஆகலாம். கருவிலுள்ள குழந்தைக்கு அதைச் சிதைக்கும் ஆற்றலும் இல்லை.

நலமுள்ள பெரியவர் ஒரு நாளில் 400 மில்லிகிராம் வரை கொள்வது பொதுவாகத் தீங்கற்றது என்றும், கருவுற்ற பெண்கள் 200 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்றும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் மதிப்பிட்டது. கொட்டையின் வகையையும் தூளின் அளவையும் பொறுத்து, ஒரு குவளைக் காப்பியில் பொதுவாக 60 முதல் 100 மில்லிகிராமும், தேநீரில் 30 முதல் 50 மில்லிகிராமும் இருக்கும். சிக்கரியில் காஃபீன் இல்லை. ஆகவே சிக்கரி மிகுந்த தூளில் அளவு குறையும். ரொபஸ்டா வகைக் கொட்டையில் அரபிகாவைப் போல் ஏறத்தாழ இருமடங்கு காஃபீன் உண்டு. அளவு மீறினால் நெஞ்சுப் படபடப்பு, கைநடுக்கம், பதற்றம், தூக்கமின்மை ஆகியவை தோன்றும். பழக்கமில்லாதவருக்கு இரத்த அழுத்தம் சிறிது நேரம் உயரும்.

இளைஞர்களிடையே பரவிவரும் ஊக்கப் பானங்களை இங்கே தனியே எச்சரிக்க வேண்டும். இவற்றில் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் இருத்தலாகாது என்றும், குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் ஏற்றதன்று எனப் புட்டியில் அச்சிட வேண்டும் என்றும் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. தேர்வுக் காலங்களில் இவற்றை வாங்கிப் பருகும் பிள்ளைகள் அந்த அச்சைப் படிப்பதில்லை.

நோன்பும் தலைவலியும்

ரமலானின் முதல் இரண்டு மூன்று நாட்களில் பிற்பகலில் தலைவலி வருவதாகப் பலர் கூறுகின்றனர். பசியையும் தாகத்தையும் அதற்குக் காரணமாகச் சொல்வதுண்டு. அவற்றுக்கும் பங்கு உண்டெனினும், நாள்தோறும் காப்பியோ தேநீரோ அருந்திப் பழகியவர்களிடம் இதற்குப் பெருங்காரணம் காஃபீன் திடீரென நின்றுபோவதே. காஃபீன் நாளும் தடுத்துவந்தால், மூளை அடினோசின் ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. தடை நீங்கியதும் அடினோசினின் விளைவு மிகுந்து, மூளையின் இரத்தக் குழாய்கள் விரிந்து தலைவலி உண்டாகிறது. கடைசிக் குவளைக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் இது தொடங்கும். சில நாட்களில் தானே தணியும். 2013இல் அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கம் வெளியிட்ட நோய்ப் பட்டியல் நூலின் ஐந்தாம் பதிப்பில் இது தனி நிலையாகச் சேர்க்கப்பட்டது.

இதை அறிவது வெறும் மருத்துவச் செய்தி அன்று. தலைவலியால் நோன்பை விடும் எளிய உழைப்பாளி ஒருவர், நோன்பே தம் உடலுக்கு ஒவ்வாது என்று எண்ணிவிடுகிறார். உண்மையில் ஒவ்வாதது பழக்கத்தின் திடீர் முறிவு. ஷஅபான் மாதத்தின் இறுதி இரண்டு வாரங்களில் குவளைகளின் எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பகற்குவளையை விட்டு, சஹர் நேரத்தில் ஒரு சிறு குவளையோடு நிறுத்திக்கொள்பவருக்குப் பெரும்பாலும் இத்துன்பம் நேர்வதில்லை. இஃப்தாருக்குப் பின் இழந்ததை ஈடு செய்வதுபோல் பல குவளைகள் அருந்துவது, தராவீஹுக்குப் பின் கிடைக்கும் சிறு தூக்கத்தையும் கெடுத்துவிடும்.

குவளையில் உள்ள மற்றவை

கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று உண்டு. குவளையில் இருப்பது காஃபீன் மட்டுமன்று. தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள், தானியங்களிலும் கீரைகளிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்காமல் தடுக்கின்றன. உணவுடன் தேநீர் அருந்தினால் இரும்பு ஏற்பு பாதிக்கும் கீழாகவே குறையலாம் என ஆய்வுகள் காட்டியுள்ளன. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர் எனக் கண்டறியப்பட்டது. காலை உணவுக்கு மாற்றாகத் தேநீரும் ரொட்டியும் கொள்ளும் வீடுகளில் இத்தீங்கு இருமடங்காகிறது. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடுவது செலவில்லாத மருந்து.

இண்டூர்ப் பகுதியினர் தனியே கருத வேண்டியது ஒன்று உண்டு. தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளூரைடு மிகுதி. பல்லில் கறையும் எலும்பில் முடமும் உண்டாக்கும் இக்கேட்டைத் தணிப்பதற்காகவே, ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. தேயிலைச் செடியோ மண்ணிலுள்ள ஃபுளூரைடை உறிஞ்சித் தன் இலைகளில் சேர்த்து வைக்கும் இயல்புடையது. ஆழ்துளைக் கிணற்று நீரில் நெடுநேரம் கொதிக்கும் தேநீரில், நீரின் ஃபுளூரைடும் இலையின் ஃபுளூரைடும் ஒன்று சேர்கின்றன. கொதிக்கவைப்பதால் ஃபுளூரைடு நீங்காது. நீர் வற்றுவதால் செறிவு மிகவே செய்யும். காப்பிக் கொட்டையில் இச்சேர்க்கை மிகக் குறைவு. பல் முளைக்கும் பருவத்துப் பிள்ளைகளுக்குப் பாலுக்கு மாற்றாகத் தேநீர் கொடுக்கும் வழக்கம் எங்கும் நன்றன்று. இம்மாவட்டத்தில் அது தெளிவான தீங்கு. தேநீர் காய்ச்சவும் ஒகேனக்கல் நீரையே பயன்படுத்துவது நலம்.

ஒரே பானம் யமனில் வணக்கத்துக்குத் துணையாயிற்று, மக்காவில் குற்றவாளியாயிற்று, கெய்ரோவில் சான்றின் வழியே விடுதலை பெற்றது. ஆகுமானதைச் சான்றின்றி விலக்குவது எத்துணைப் பிழையோ, ஆகுமானது என்பதற்காகக் கேட்டை நோக்காமல் இருப்பதும் அத்துணைப் பிழையே. பொருளை ஆராய்ந்து, ஆளை நோக்கி, இடத்தையும் அளவையும் கருதித் தீர்ப்பளிக்கும் நெறியை அந்தக் காழி நமக்கு விட்டுச் சென்றுள்ளார். நம் பிள்ளைகளின் கையில் கொடுக்கும் குவளைக்கும் அந்நெறி பொருந்தும். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.